வாய் திறந்த குடுவை

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அந்தக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும், கொஞ்சம் யோசித்துவிட்டு, கை சுத்தம் என்பார்கள். இன்னும் ஏதாவது என்றால் வேலை கிடக்கிறது என்று எழுந்துவிடுவார்கள். அவள் வாயைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

கரண்டு என்று அவளுக்குப் பட்டப்பெயர். தொட்டால் ஷாக். தாமதமாக வருகிறவனை, வீட்டில் கடிகாரம் செத்துப்போச்சா, துக்கம் விசாரிக்க வரட்டுமா என்று கேட்பாள். ஒருமுறை கண்ணாடிச் சாமான் விற்க வந்த ஒரு ஆள் இருமிக்கொண்டே உள்ளே நுழையப் பார்த்தான். சரக்கை வாசலில் வைத்துவிட்டுச் சளியை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போ என்று திருப்பி அனுப்பினாள். அந்த ஆள் அப்புறம் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்கும் தெரியும். கரண்டு இல்லாவிட்டால் உங்கள் ஃபிரிட்ஜ் ஓடுமா என்று ஒரு நாள் கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுத் தன் டிபன் டப்பாவைத் திறந்தாள்.

பிறந்த வீட்டில் ஆள் அதிகம், சோறு குறைவு, காது யாருக்கும் கிடையாது. கத்துகிறவளுக்குத்தான் தட்டில் விழும். அப்படிப் பழகிய தொண்டை. ஆய்வுக்கூடப் படிப்பு ஒன்றை முடித்து, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையில் கொஞ்ச காலம் இருந்தாள். அங்கே வந்தவர்களிடம், கையை நீட்டச் சொன்னால் கழுத்தை நீட்டுகிறீர்களே என்று சண்டை பிடித்தாள். ஆனால் ஊசி குத்தியது தெரியாது என்று அதே ஆட்கள் அவளிடமே திரும்பி வந்தார்கள். வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

இந்தக் கம்பெனியில் அவளுக்குக் கிடைத்த வேலை செல் வளர்ப்பது. ஆடு வளர்ப்பது, கோழி வளர்ப்பது போல இதுவும் ஒரு வளர்ப்புதான். கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும் வித்தியாசம். அவர்கள் செய்ய முயன்றது கைக்குழந்தைகளுக்கான ஒரு மருந்து. நுரையீரலைப் பிடிக்கிற ஒரு வைரஸ் இருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் மூக்கு ஒழுகும், இரண்டு நாள் சிடுசிடுப்பு, அவ்வளவுதான். பிறந்து சில மாதமே ஆன பிள்ளைக்கு வந்தால் மூச்சில் விசில் கேட்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒட்டிப் போகும். சில பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்புவதில்லை.

உடம்பு இந்த மாதிரி எதிரிக்கென்றே ஆன்டிபாடி என்று ஒரு புரதத்தைச் செய்யும். அது வைரஸின் மூஞ்சியில் போய் ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் நுழைய விடாமல் மறித்துவிடும். பச்சைப் பிள்ளையின் உடம்புக்கு அதைச் செய்யக் கற்றுக்கொள்ள நாளாகும்; வைரஸ் அதுவரை பொறுக்காது. ஆகவே ஆன்டிபாடியை வெளியே செய்து ஊசியாகப் போட்டுவிடலாம் என்பது யோசனை. நோயிலிருந்து மீண்ட யாரோ ஒருவரின் ரத்தத்தில் கெட்டிக்கார ஆன்டிபாடி ஒன்று கிடைத்தது. அதைச் செய்யும் முறையை எடுத்து, வளர்க்கத் தோதான வேறு செல்களுக்குள் வைத்தார்கள். அந்தச் செல்கள் இளஞ்சிவப்பு ஊட்டநீரில் கிடந்து, தின்று, பெருகி, ஆன்டிபாடியை அந்த நீரிலேயே விட்டுக்கொண்டிருக்கும். அவற்றுக்குத் தீனி மாற்றி, சூடு பார்த்து, நெரிசல் ஆனால் பிரித்துக் குடியமர்த்துவது கரண்டின் வேலை.

செல் அறையில் பேசக்கூடாது. மாஸ்க்கைக் கழற்றக்கூடாது. மனிதன் வாயில் என்னென்னவோ குடியிருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாது, செல்லுக்கு அது எமன். அந்தச் சட்டத்தை எழுதியது யாரோ, காவல் காத்தது அவள். யாராவது உள்ளே வந்து மாஸ்க்குக்குள் முணுமுணுத்தால்கூடக் கதவைக் காட்டிக் கண்ணால் வெளியே தள்ளுவாள். ஊரெல்லாம் வாயால் ஆளுகிறவள் அந்த ஒரு அறையில் வாயைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக இருப்பது அங்கே பெரிய வேடிக்கை. அவளுக்கு அந்த அறை எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. நிம்மதியாக இருந்தது. அங்கே கத்தாமலே எல்லாம் நடந்தது.

அவளுக்கு ஓர் ஓரகத்தி உண்டு, கணவனின் தம்பி மனைவி. ஒரே வீட்டில் மாடியில் மூத்தவள், கீழே இளையவள், நடுவில் படிக்கட்டு. பிள்ளை வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்ட வீடு மூத்தவளுடையது. கல்யாணமாகி வந்த இளையவள் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்று அவளைக் கம்பெனிக்குக் கூட்டிவந்து சேர்த்துவிட்டதும் மூத்தவள்தான். இளையவள் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். செல்லில், ஊட்டநீரில், மருந்தில் அழுக்கு, கிருமி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற பிரிவு. இளையவள் அதிகம் பேசமாட்டாள். இவர்கள் இரண்டு பேரையும் கலந்து பிரித்திருந்தால் இரண்டு சாதாரண மனுஷிகள் கிடைத்திருப்பார்கள் என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள்.

இளையவளுக்கு ஒரு பெண் பிறந்தது. குண்டுக் கன்னமும் அசையாத பார்வையுமாக இருந்த பிள்ளையைப் பார்த்துப் பொம்மி என்று முதலில் கூப்பிட்டவள் மூத்தவள். அதுவே வீட்டுப் பெயராக நிலைத்தது. வேலை விட்டு வந்ததும் கைகால் கழுவி, துணி மாற்றி, அப்புறம்தான் பிள்ளையைத் தூக்குவாள். தூக்கினால் இறக்கமாட்டாள். யாராவது கிட்டே வந்து கொஞ்சினால், ஒரு கை தூரத்தில் நின்று கொஞ்சு, உன் மூச்சை நீயே வைத்துக்கொள் என்பாள். இளையவளின் அம்மா வீட்டார் வந்தபோதும் அதையே சொன்னாள். அவர்கள் முகம் சுண்டிப்போய்க் கிளம்பினார்கள். இளையவள் தெருமுனைவரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தாள்.

குளிரும் ஈரமுமான மாதங்கள் வந்தன. ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. பிள்ளையை வெளியே எடுத்துப் போகாதே என்று மூத்தவள் தினமும் படியில் நின்று சொன்னாள். சொன்னாள் என்பது மரியாதைக்கு, கத்தினாள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன இளையவள் ஒரு நாள், வேண்டுமென்றேதான் என்றுகூடச் சொல்லலாம், பிள்ளைக்குத் துணி எடுக்கக் கடைத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சில நாளில் பிள்ளைக்குச் சளி. அப்புறம் விசில். அப்புறம் ஆஸ்பத்திரி.

மூத்தவள் வேலையிலிருந்து நேரே ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொம்மியின் மூக்கில் குழாய், விலா உள்ளே போய்ப் போய் வருகிறது. அந்த வைரஸ் என்ன செய்யும் என்று அந்த நடைபாதையில் இருந்த எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.  அவளுக்குப் பயம் வந்தாலும் சரி, பாசம் வந்தாலும் சரி, வெளியே வரும் வழி ஒன்றுதான். சுவரில் சாய்ந்து நின்ற இளையவளைப் பார்த்துச் சொன்னாள்: "தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? இப்ப அனுபவி."

மறுநாள் பிள்ளை போய்விட்டது.

சாவு வீட்டில் இளையவள் அழுததைவிட மூத்தவளைப் பார்த்ததுதான் அதிகம் என்றார்கள் உறவுக்காரர்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மூத்தவள் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கருநாக்கு என்று யாரோ ஒரு கிழவர் சொன்னார். அன்றிலிருந்து இளையவள் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டி வந்தால் சுவரைப் பார்த்து, இங்கே பாருங்க என்று மொட்டையாகச் சொல்வாள். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. படிக்கட்டு விளக்கு எரிந்துபோனால் யார் மாற்றுவது என்பதில் பிடிவாதமாகி, எல்லோரும் இருட்டில் தடவித் தடவி ஏறி இறங்கினார்கள். மூத்தவளும் அவளை அதற்குப் பிறகு ஒரு சொல் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் இருந்த வாய் அவளுக்கு மட்டும் இல்லாமல் போயிற்று.

வேலைக்கு மட்டும் இருவரும் போனார்கள். விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எந்த வைரஸ் பிள்ளையைக் கொண்டுபோனதோ அதற்கான மருந்தை ஒருத்தி வளர்த்தாள், மற்றவள் சோதித்தாள். செல் அறையின் சுவரில் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. மாதிரி வாங்கிப் போக இளையவள் அதற்கு வெளியே வந்து நிற்பாள். மூத்தவள் சின்னக் குப்பிகளைச் சுவரில் உள்ள பெட்டியில் வைத்து உள்பக்கக் கதவைச் சாத்துவாள். மற்றவள் வெளிப்பக்கக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் இருவரில் ஒருவர் வேலையை விட்டிருப்பார்கள்.

மூத்தவள் காலையில் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடுவாள். அறையில் அவளும் செல்லும் மட்டும். அப்படி ஒரு காலையில்தான் அது தொடங்கியது. குடுவையை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். செல்கள் நன்றாகப் பெருகியிருந்தன. நல்லா சாப்பிட்டிருக்கியா என்று மாஸ்க்குக்குள் ஒரு சொல் வந்துவிட்டது. அடுத்து, பொம்மி என்று வந்தது. அவளே திடுக்கிட்டுப் போனாள். பிறகு தினமும் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டி, மூக்கு ஒழுகி, மாஸ்க் நனைந்து மூச்சு முட்டும்போது அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மூடி தளர்த்திய குடுவையை முகத்துக்கு நேரே பிடித்தபடியே சொல்வாள். பொம்மி, இன்னும் கொஞ்சம் பெருகுடி. என் தங்கம், எல்லாப் பிள்ளைக்கும் போதுற மாதிரி பெருகுடி. உயிரோடு இருந்தபோது அந்தப் பிள்ளையிடமும் அவள் இவ்வளவு மெல்லப் பேசியதில்லை. அடுத்தவன் செய்திருந்தால் அவனை உரித்துத் தொங்கவிட்டிருப்பாள். தான் செய்வது தப்பு என்று தெரிந்தே செய்தாள். அதை விட்டால் அவளுக்கு அழ வேறு இடம் இல்லை. வீட்டில் அழுதால் கீழே கேட்கும்.

அந்த ஈரக் காலம் மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் மருந்தை முதல்முறையாகப் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அப்போது பார்த்துச் செல்கள் சுணங்கின. ஊட்டநீர் கலங்கவில்லை, நாற்றமில்லை, நிறமும் மோசமில்லை. ஆனால் தின்பதும் பெருகுவதும் குறைந்தது, ஆன்டிபாடி பாதிக்குக் கீழே இறங்கியது. மூத்தவள் சூட்டை மாற்றிப் பார்த்தாள், தீனியை மாற்றிப் பார்த்தாள், தீனி அனுப்பிய கம்பெனிக்காரனைப் போனில் கூப்பிட்டு அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். எதற்கும் செல் அசையவில்லை.

மாதிரி இளையவளிடம் போனது. அவள் சோதித்தாள், மறுபடி சோதித்தாள், கம்பெனித் தலைவி டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். மைக்கோபிளாஸ்மா. கிருமிகளிலேயே பொடி, சாதாரண மருந்துக்குச் சாகாது, வடிகட்டியில் நழுவிவிடும், தினசரிச் சோதனையிலும் சிக்காது. அதில் பல சாதி உண்டு: மாட்டிலிருந்து வருவது, பன்றியிலிருந்து வருவது. இது மனிதன் வாயிலிருந்து வருகிற சாதி.

எல்லோரும் யாரை நினைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சிரிக்கவும் முடியவில்லை அவர்களால். வளர்ந்த குடுவைகள் அத்தனையும் அழிக்க வேண்டும். உறையவைத்த பழைய இருப்பு சுத்தமாக இருந்தது. அதிலிருந்து எடுத்து முதலிலிருந்து வளர்த்து வருவதற்குள் அந்தக் குளிர்காலம் முடிந்துவிடும். இந்த வருஷம் வார்டுக்கு மருந்து இல்லை. கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. அவளது அலமாரிக் கதவில் வாய்க்குப் பூட்டு போட்ட படம் ஒன்றை வரைந்து ஒட்டியிருந்தார்கள். அவள் அதைக் கிழிக்கவில்லை. செய்தியைக் கேட்டதிலிருந்து அவளுக்குள் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது: பொம்மி என்று கொஞ்சிய வாயே அந்தச் செல்களைக் கெடுத்துவிட்டது. இன்னும் யாராருடைய பிள்ளையோ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் படுக்கப் போகிறது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருந்தும், பழைய இருப்பிலிருந்து எழுப்பப் போகிற அந்தச் செல்களைத் தன் கையாலேயே வளர்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் வெட்கமில்லாமல் உள்ளே கிடந்தது. அந்த அறையும் போய்விட்டால் பொம்மி என்று சொல்ல அவளுக்கு உலகத்தில் இடமில்லை.

விசாரணைக்கு டாக்டரம்மா தன் அறையில் கூட்டினாள்.  குரலை உயர்த்தாதவள், நியாயக்காரி. செல் அறையில் வேலை செய்கிற எல்லோரும் இருந்தார்கள். இளையவள் ஜன்னல் ஓரம் நின்றாள். டாக்டரம்மா ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு, யாராவது எதையாவது பார்த்தீர்களா என்றாள். இளையவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: காலையில் மற்றவர்கள் வருமுன் மாதிரி வாங்க வரும்போது, கண்ணாடி வழியாக மூத்தவளைப் பலமுறை பார்த்திருக்கிறாள். மாஸ்க் தாடையில் இருந்தது. மூடி திறந்த குடுவை கையில் இருந்தது. உதடு அசைந்தது.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்டாள். சொன்னால் வீட்டுப் பகையைக் கொண்டுவந்து கொட்டுகிறாள் என்பீர்கள் என்றாள் இளையவள். அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

டாக்டரம்மா மூத்தவள் பக்கம் திரும்பினாள். "சில பேருக்கு ஒண்ணு ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணுற பழக்கம் இருக்கும். நீங்க அப்படி எதையாவது எண்ணிக்கிட்டு இருந்தீங்களா?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். பழக்கதோஷம் என்று கொஞ்ச நாள் மறுபயிற்சி, பிறகு அதே அறை, அதே செல். கம்பெனியில் அவளைப்போல் கை இன்னொருத்திக்கு இல்லை என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியும். மூத்தவள் தலை அசையப் போனது.

"எண்ணுறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வருமா, மேடம்?" என்றாள் இளையவள். "என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆத்திரத்துல அழுதுக்கிட்டே. இல்லைன்னா வேற என்ன சொன்னாங்கன்னு அவங்களையே கேளுங்க."

எல்லோரும் மூத்தவளைப் பார்த்தார்கள். வேறு என்ன சொன்னாள் என்பது நாக்கு நுனியில் இருந்தது. சொல்லலாம். சொன்னால் அந்த அறையே ஒரு கணம் மனம் இளகியிருக்கும், டாக்டரம்மா எழுந்து வந்து தோளைத் தொட்டிருப்பாள். பிற்பகலில் அந்தப் பெயரைக் கேன்டீனில் தட்டுக்குத் தட்டு போட்டு மென்றிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பெற்றவள் ஜன்னலோரம் நிற்கிறாள். அவள் எதிரே தன் வாய் ஒருமுறை திறந்து நடந்தது போதும் என்று மூத்தவளுக்குத் தோன்றியது.

"ஆமா," என்றாள். "இவளைத்தான் திட்டினேன்."

"குடுவையைக் கையில வெச்சுக்கிட்டா?"

"ஆமா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவள் முகத்தில் அதுவரை இருந்த இரக்கம் அப்படியே வடிந்துவிட்டது. உங்கள் வீட்டுச் சண்டைக்கு இந்த வருஷம் எந்தப் பிள்ளை விலை கொடுக்கப் போகிறதோ என்று மட்டும் சொன்னாள். பழக்கதோஷத்துக்கு மன்னிப்பு உண்டு, வன்மத்துக்குக் கிடையாது. அன்றே செல் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, அடித்தளத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பகுதிக்கு அவளை மாற்றினாள். செல் அறைப் பக்கம் இனி அவள் வரக்கூடாது. வேலையை விட்டே அனுப்பாததற்கு இவள் நன்றி சொல்ல வேண்டும் என்றான் ஒருவன், அவள் காதில் விழும்படியே.

வீட்டுக்கும் விஷயம் வந்துசேர்ந்தது. கொழுந்தன் படியில் பாதி ஏறி நின்று, செத்த பிள்ளையின் தாயைச் சபிக்கிற வீடு இது என்று தெரு கேட்கக் கத்திவிட்டு இறங்கிப் போனான். அவள் கணவன் ஒரு பஸ் டிரைவர். யார் குறுக்கே வந்தாலும் நிதானம் தவறாத ஆள். அவன்கூட அன்று சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தான். என்னதான் சொல்லித் திட்டினாய் என்று கேட்டான். வாய்க்கு வந்ததை என்றாள். உன் வாய்க்கு வராதது எது என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கழுவும் பகுதியில் ஒரு பெரிய நீராவிப் பெட்டி இருந்தது. கெட்டுப்போன எதையும் வெளியே கொட்டுவதற்கு முன்னால் அதில் போட்டு அவித்துக் கொல்ல வேண்டும். குக்கரின் பெரியப்பன் என்று வைத்துக்கொள்ளலாம். சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போயிருந்த நேரத்தில், தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டு மூத்தவள் நிமிர்ந்தாள். வண்டியை இளையவள் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டி நிறையக் குடுவைகள். கெட்டது என்று தீர்ப்பு சொன்ன பிரிவே அழிவதையும் நின்று பார்க்க வேண்டும் என்பது சட்டம்.

மூத்தவள் ஒவ்வொரு குடுவையாக எடுத்து மூடியைத் தளர்த்தி உள்ளே வைத்தாள். இளஞ்சிவப்பு எல்லாம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. கை வழக்கம்போல அதன் வேலையைப் பார்த்தது. கடைசிக் குடுவையை மட்டும் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்," என்றாள் இளையவள்.

பகை வந்த பிறகும் அவள் மரியாதையை விட்டதில்லை. நீ என்று சொன்னது அதுதான் முதல்தடவை.

"கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்தேன். அந்தப் பேரைச் சொன்னா உதடு எப்படி ஒட்டும், எப்படிப் பிரியும்னு எனக்குத் தெரியாதா? தினமும் வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சத்தம் வராம சொல்லிப் பார்க்கறவ நான்."

 தெரிந்துமா அங்கே அப்படிச் சொன்னாய் என்று மூத்தவள் கேட்டாள். இளையவள் ஆமாம் என்றாள். பின்னே, எல்லோர் முன்னாலும் உன்னைப் பாசக்காரியாக்கி மாலை போடச் சொல்கிறாயா என்றாள்.

"அந்தப் பேரை வெச்சதே நான்தான்," என்றாள் மூத்தவள். சண்டைக்குச் சொல்லவில்லை. வேறு சொல்ல ஒன்றும் இல்லாததால் சொன்னாள்.

"வெச்ச வாய்தான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில 'அனுபவி'ன்னும் சொல்லுச்சு." இளையவளின் குரல் உயரவே இல்லை. "நீ என்னைத் திட்டினா வாங்கிக்குவேன். நாசமாப் போன்னு சொல்லு, மண்ணாப் போன்னு சொல்லு. அது எனக்குப் பழக்கம். கடைத்தெருவுக்குத் தூக்கிட்டுப் போனவ நான்தானே, எனக்குச் சேர வேண்டியதுதான் அது. ஆனா அவளுக்காக நீ அழறதை மட்டும் என்னால தாங்க முடியாது. நீ அழுதா, உன்னை நான் எப்படி வெறுக்கறது? உன்னை வெறுக்கலைன்னா நான் யாரை வெறுக்கறது?"

அவள் தன் நெஞ்சில் கையை வைத்தாள், எடுத்துவிட்டாள்.

"திட்டு," என்றாள். "அங்க பொய் சொன்னே இல்ல? இப்ப நிஜமா திட்டு. கேட்டுட்டுப் போறேன்."

மூத்தவள் வாயைத் திறந்தாள். எத்தனை பேரை ஓட ஓட விரட்டிய வாய். ஒரு வசவுகூட வரவில்லை. குடுவையை மார்போடு அணைத்தபடி, வாய் திறந்தது திறந்தபடியே நின்றாள்.  இளையவள் அவள் கையிலிருந்து குடுவையைப் பிடுங்கி உள்ளே வைத்து, கனமான கதவைத் தானே தள்ளிச் சாத்தி, பூட்டுச் சக்கரத்தைச் சுற்றினாள். நீராவி ஏறி இறங்கி முடிகிறவரை இருவரும் ஆளுக்கொரு சுவரோரம் நின்றார்கள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி இளையவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து மூத்தவள் இறங்கி வந்தாள். நாலு படி மேலேயே நின்றுகொண்டு ஆரம்பித்தாள். கடைத்தெருவிலிருந்து ஆரம்பித்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலை முறிக்க வேண்டும் என்றாள், சொன்ன பேச்சைக் கேட்காத காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்றாள், நீ விளங்கமாட்டாய் என்றாள். குரல் உடையும் இடத்தில் எல்லாம் இன்னும் சத்தம் கூட்டினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். இப்படியும் ஒரு பொம்பளையா, பிள்ளை செத்தவளைப் போய் என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இளையவள் பூட்டில் வைத்த கையை எடுக்காமல் முழுவதையும் கேட்டாள். முடிந்தது என்று தெரிந்ததும், சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.